கோபத்துக்கு முந்தைய நிமிடங்கள்

ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையின் தாய்க்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் மலிவானது 'கொஞ்சம் பொறுமையா இருங்க' என்பது. மருத்துவர் சொல்வார், வகுப்பாசிரியை சொல்வார், மாமியாரும் சொல்வார். மூவருக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனாலும் அந்த ஆலோசனை பெரும்பாலும் ஒரு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. பழி தாயின் சுபாவத்தின் மேல் விழுகிறது. 'இவளுக்கு முன்கோபம்' என்று வீடு முடிவு கட்டிவிடும். சில மாதங்களில் அவளும் அதை நம்பத் தொடங்கிவிடுவாள். குறை ஆலோசனையில் இருக்கிறது என்பது என் வாதம். கோபம் உச்சிக்கு ஏறிய பிறகு அதை விழுங்கச் சொல்வது, உணர்ச்சியைக் கையாள மனித மனத்துக்குள்ள வழிகளிலேயே ஆகப் பலவீனமானதை எடுத்துக் கையில் கொடுப்பது. பலமான வழிகள் அந்தக் கணத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், சில சமயம் பத்து மணி நேரம் முன்னால் கிடக்கின்றன. அவற்றில் பல தாயின் மனத்துக்குள்ளேகூட இல்லை. மாத்திரை கொடுக்கும் நேரத்திலும், வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் நேரத்திலும், யார் முழு இரவு தூங்கினார்கள் என்பதிலும் இருக்கின்றன.

முதலில் அந்தத் தாய் எதை எதிர்கொள்கிறாள் என்று பார்த்துவிடலாம். கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிப்பதற்குள் செய்துவிடும் அவசரம் ஆகியவை வயதுக்கு மீறிய அளவில், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், நீண்ட காலம் தென்பட்டால் அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். உலக அளவில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருப்பதாக 2007-இல் வெளிவந்த தொகுப்பாய்வு மதிப்பிட்டது. கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் இது 11.32 சதவீதம். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும் என்பதால் இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் போதும். குழந்தைக்குக் குழந்தை இந்த இயல்பில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 74 சதவீதம் மரபணு வேறுபாடுகளால் விளைவது என்று இரட்டையர் ஆய்வுகளின் சராசரி சொல்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பற்றிச் சொல்வதாகத் தோன்றினாலும், இது தாயைப் பற்றியும் ஒன்றைச் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

'பல் தேய், சட்டையைப் போடு, பையை எடு' என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால், மூன்றாவது காதில் விழுவதற்குள் முதலாவது மறந்துபோகும் குழந்தை இது. எனவே மற்ற வீடுகளில் ஒருமுறை சொல்வது இங்கே ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் ஏறும். தாய்மார்களின் இந்த ஓயாத ஏவல்தான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் ஆட்டிசத்துக்குத் தாயின் உள்ளக் குளிர்ச்சியே காரணம் என்று ஒரு புத்தகமே எழுதி, ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஏ.டி.எச்.டி. அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் நிழல் இங்கேயும் விழுந்தது. அதை முதலில் ஆட்டிப் பார்த்தவர்களில் ரஸ்ஸல் பார்க்லியும் சார்லஸ் கன்னிங்ஹாமும் முக்கியமானவர்கள். 1979-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குச் சில நாள் மெத்தில்ஃபெனிடேட் மருந்தும் சில நாள் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எந்த நாளில் எது என்று தாய்க்குத் தெரியாது. மருந்து வேலை செய்த நாட்களில் குழந்தை சொன்னதைக் கேட்டது; தாயின் ஏவல்கள் குறைந்தன, பாராட்டும் இணக்கமும் கூடின. தாய்க்கு யாரும் எந்தப் பயிற்சியும் தரவில்லை. மாத்திரையை விழுங்கியது குழந்தை, குரல் தணிந்தது தாய்க்கு. 1987-இல் ரஸ்ஸல் ஷாக்கர் குழுவினரும் இதையே வேறு கோணத்தில் கண்டார்கள்: மருந்துக்கு நன்றாக இணங்கிய குழந்தைகளின் வீடுகளில் தாயின் கனிவு கூடி, குறைசொல்லல் குறைந்தது.

இதைவிடக் குறும்பான ஒரு சோதனையை வில்லியம் பெல்ஹாமும் ஆலன் லாங்கும் செய்தார்கள். சிறுவர்களுக்கு நடிப்புப் பயிற்சி கொடுத்து, சிலரை ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைபோலவும் சிலரைச் சாதாரணப் பிள்ளைபோலவும் நடந்துகொள்ள வைத்தார்கள். வீட்டில் எந்தச் சிக்கலும் இல்லாத பெற்றோர்களை அழைத்து, இந்த முன்பின் தெரியாத சிறுவர்களோடு சிறிது நேரம் இருக்கச் சொன்னார்கள். பிறகு ஓர் இடைவேளை, மது வைக்கப்பட்டிருந்தது, அதன்பின் மறுபடியும் அதே பையனோடு இருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. அடங்காத பிள்ளையாக நடித்தவனோடு இருந்துவிட்டு வந்தவர்கள் அதிகச் சோர்வையும் எரிச்சலையும் உணர்ந்தார்கள், அதிகம் குடித்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்தப் பையன் மகன் அல்ல, அவன் எதிர்காலம் பற்றிய கவலை இல்லை, அவனால் ஊரில் தலைகுனிவும் இல்லை. கொஞ்ச நேரச் சகவாசமே இவ்வளவு செய்யுமானால், பத்து வருடச் சகவாசத்தை 'முன்கோபம்' என்ற ஒரு சொல்லில் அடைப்பது நியாயமில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அம்பு குழந்தையிடமிருந்து தாய்க்குப் பாய்வது உறுதி. அது திரும்பியும் வருகிறது. இதைக் காட்டுவது எளிதல்ல. தாயும் பிள்ளையும் மரபணுக்களைப் பகிர்வதால், கோபக்காரத் தாய்க்கு அடங்காத பிள்ளை என்றால் இரண்டுக்கும் ஒரே மரபு காரணமாக இருக்கலாமே? கார்டன் ஹாரோல்டும் சகாக்களும் 2013-இல் இதற்கு வழி கண்டார்கள். பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தைகளையும், பிறர் கருமுட்டையின் உதவியால் பிறந்த குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கே வளர்க்கும் தாய்க்கும் குழந்தைக்கும் மரபுத் தொடர்பு இல்லை. அப்படியிருந்தும், பெற்ற தாயிடமிருந்து துடுக்கைப் பெற்று வந்த குழந்தைகள் வளர்ப்புத் தாயிடம் அதிகக் கடுமையைத் தூண்டினார்கள்; அந்தக் கடுமை, பின்னாளில் குழந்தையின் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் கூடுவதோடு தொடர்புற்றிருந்தது. தாய் நோயை உண்டாக்கவில்லை. ஆனால் நோய் தாயிடம் உண்டாக்கும் ஒன்று, நோயின் போக்கோடு சேர்ந்து நடக்கிறது. எரிக்கா மஸ்ஸரின் குழு 2016-இல் வெளியிட்ட தொடராய்வும் இதை ஒட்டியே வருகிறது. பொதுவாக வயது ஏற ஏறத் துறுதுறுப்பு குறையும். பெற்றோரின் குறைசொல்லல் ஆண்டுக்கு ஆண்டு குறையாமல் நீடித்த வீடுகளில் அந்த இயல்பான தணிவு தென்படவில்லை.

இந்த வட்டம் எப்படிச் சுழல்கிறது என்பதை ஓரெகனில் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கவனித்தவர் ஜெரால்ட் பேட்டர்சன். 1982-இல் அவர் வெளியிட்ட நூலின் மையக் கருத்து எளிமையானது, கொஞ்சம் கொடூரமானதும்கூட. தாய் ஒரு வேலை சொல்கிறாள், பிள்ளை முனகுகிறான், தாய் குரலை உயர்த்துகிறாள், அவன் கத்துகிறான். இதில் ஒருநாள் தாய் அலுத்துப்போய் 'எக்கேடோ கெட்டுப் போ' என்று விட்டுவிடுகிறாள். கத்தினால் வேலையிலிருந்து தப்பலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். இன்னொரு நாள் தாய் இன்னும் உரக்கக் கத்த, பிள்ளை எழுந்து போய் வேலையைச் செய்துவிடுகிறான். கத்தினால்தான் நடக்கும் என்று தாய் கற்றுக்கொள்கிறாள். ஆக, இருவருக்கும் அவ்வப்போது பரிசு கிடைக்கிறது, இருவரின் குரலும் படிப்படியாக ஏறுகிறது. தாயின் கோபத்தைச் சுபாவக் கோளாறாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். அவள் கத்துவது வேலை செய்ததால்தான் நிலைத்தது. எனவே 'கத்தாதீர்கள்' என்று மட்டும் சொல்வது, கையிலிருக்கும் ஒரே கருவியைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றும் தராமல் அனுப்புவதாகும்.

இப்போது அந்த ஆலோசனைக்கே வரலாம். உணர்ச்சி திடீரென்று வந்து விழும் ஒன்றல்ல என்பது ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் முன்வைத்த மாதிரியின் அடிப்படை. முதலில் ஒரு சூழல். அந்தச் சூழலில் நம் கவனம் எதன்மேல் போகிறது என்பது. கண்டதற்கு நாம் கொடுக்கும் பொருள். கடைசியில்தான் உடம்பும் முகமும் குரலும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே நுழைந்து மாற்ற இடமுண்டு. கடைசிக் கட்டத்தில் நுழைவதற்குப் பெயர்தான் அடக்கிக்கொள்ளல். அதன் விலையை கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990-களில் அளந்தார்கள். வருத்தமூட்டும் படக்காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதிருக்கச் சொன்னால், முகம் அடங்குகிறது. உள்ளிருக்கும் வருத்தம் குறைவதில்லை. இதயமும் இரத்தக் குழாய்களும் கூடுதலாக உழைக்கின்றன. 2003-இல் எமிலி பட்லர் இதை இருவர் உரையாடலுக்குக் கொண்டுபோனார். மனத்தைப் புண்படுத்தும் ஓர் ஆவணப்படத்தைப் பார்த்த பெண்கள் இருவர் இருவராக அதைப் பற்றிப் பேசினார்கள். சிலருக்கு மட்டும், எதிரே இருப்பவருக்குத் தெரியாமல், உணர்ச்சியைக் காட்டக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. எதிரே இருந்தவரின் இரத்த அழுத்தம் ஏறியது. கல்லான முகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், எதிரில் இருப்பவரை அமைதிப்படுத்துவதில்லை. இந்தச் சோதனையில் இருந்தவர்கள் வளர்ந்த பெண்கள், குழந்தைகள் அல்லர் என்பது உண்மை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி, திரும்ப எழுது' என்று சொல்லும் தாயின் முகத்தை ஏழு வயதுப் பிள்ளை படிக்கத் தெரியாதவன் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

இங்கே ஒரு தடை எழும்: இதெல்லாம் அமெரிக்கக் கதை, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் வளர்வது நமக்குப் பழக்கம்தானே? கேள்வியில் பொருள் உண்டு. பட்லரே 2007-இல் இதை ஆராய்ந்து, ஆசிய விழுமியங்களைக் கொண்ட பெண்களிடம் அடக்கிக்கொள்வதன் சமூகக் கெடுதல் குறைவு என்று கண்டார். பெரியவர் முன் முகம் சுளிக்காதிருப்பது அவமதிப்பைத் தவிர்க்கும் மரியாதையாக இருக்கலாம். அதற்குப் பெரிய விலை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதே பெண் தன் பிள்ளையிடம் அடக்கிக்கொள்வது மரியாதையால் அல்ல, பயத்தால்: இன்னொரு முறை அடித்துவிடுவேனோ என்ற பயம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. மறுபக்கத்தில், 'அடக்காதே, கொட்டித் தீர்த்துவிடு' என்கிற எதிர் ஆலோசனையும் ஆய்வில் தேறவில்லை. பிராட் புஷ்மன் 2002-இல் கோபமூட்டப்பட்ட மாணவர்களைக் குத்துப்பையைக் குத்தவிட்டார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடச் சாந்தமாக இருந்தார்கள். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான அவரது கட்டுரையும், உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் செயல்களே கோபத்தைக் குறைக்கின்றன, ஏற்றுபவை அல்ல என்கிறது. மெதுவான மூச்சு, தசைகளைத் தளர்த்துவது, அறையைவிட்டுச் சில நிமிடம் வெளியேறுவது ஆகியவை உதவுவது இதனால்தான். உதவும், ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை அறையைவிட்டு வெளியேற முடியும்?

ஆகவே முந்தைய கட்டங்கள். அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கண்டதற்குக் கொடுக்கும் பொருள். ஏமி ஸ்லெப்பும் சூசன் ஓலியரியும் 1998-இல் சமாளிக்கக் கடினமான இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் தாய்மார்களை இரண்டாகப் பிரித்தார்கள். குழந்தையைச் சிரமப்படுத்தும் ஒரு சூழலுக்கு முன், ஒரு பாதியினரிடம் 'அவன் ஏதாவது செய்தால் வேண்டுமென்றே செய்வான்' என்ற பொருளிலும், மறு பாதியினரிடம் 'அது அவன் குற்றமல்ல' என்ற பொருளிலும் விளக்கம் தரப்பட்டது. குழந்தைகள் ஒரே வகைதான், சூழல் ஒன்றுதான். முதல் குழுவினர் அதிகம் கோபப்பட்டார்கள், அதிகக் கடுமையாக நடந்தார்கள். அவர்களின் குழந்தைகளும் அதிகம் அழுது சிணுங்கின. கவனியுங்கள், யாரும் அந்தத் தாய்மார்களிடம் பொறுமை பற்றிப் பேசவில்லை. முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளில் அந்த விளக்கம் இரண்டு வாக்கியங்களில் குடியிருக்கிறது. ஒன்று: 'நேத்து செஞ்சான்ல? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?' மற்றது: 'போன்ல மணிக்கணக்கா உக்கார்றானே, படிக்க மட்டும் முடியாதா?' இரண்டுக்கும் முடிவு ஒன்றே: அவனால் முடியும், வேண்டுமென்றேதான் செய்யாமல் இருக்கிறான். இரண்டுமே கேட்பதற்கு நியாயமான வாதங்கள். இரண்டுமே இந்தக் குறைபாட்டின் இயல்பைத் தலைகீழாகப் படிக்கின்றன. திரையில் புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் எளிய சோதனைகளில், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் சராசரி வேகத்தைவிட அந்த வேகம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே அவர்களைத் தெளிவாக அடையாளம் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நேற்று முடிந்து இன்று முடியாமல் போவதுதான் குறைபாடு. போன் விளையாட்டு சில விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு பரிசை நீட்டுகிறது, வாய்ப்பாடு நீட்டுவதில்லை. பரிசு தள்ளிப்போகும்போது முயற்சியைத் தாங்கிப் பிடிக்க முடியாததே இந்தக் குழந்தைகளின் சிக்கலின் மையங்களில் ஒன்று என்று எட்மண்ட் சொனுகா-பார்க் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வருகிறார். இதைத் தெரிந்துகொண்ட தாய்க்குப் பிள்ளை திருந்திவிடப் போவதில்லை. ஆனால் அவமதிக்கப்பட்டவளாக உணர்வது ஒன்று, வேலை கடினம் என்று உணர்வது மற்றொன்று. கோபத்தின் எரிபொருள் முதலாவதில்தான் இருக்கிறது.

'குற்றமல்ல என்று சொல்லிவிட்டால் கண்டிப்பே போய்விடும், பிள்ளை தறிகெட்டுப் போவான்' என்று பாட்டிமார்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் சொல்வார்கள். கண்டிப்பும் கோபமும் ஒன்று என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. பெற்றோர்ப் பயிற்சித் திட்டங்கள் கண்டிப்பைக் கைவிடச் சொல்வதில்லை. விதிகளைக் குறைவாக, சிறியதாக, முன்கூட்டிச் சொல்லி, செய்தால் உடனே பாராட்டு, மீறினால் உடனே ஒரு சின்ன இழப்பு என்று வைக்கச் சொல்கின்றன. உரக்கச் சொல்வதைவிட உடனே செய்வது இந்தக் குழந்தைகளுக்குப் பிடிபடும். ஏ.டி.எச்.டி. சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் பெரிய எம்.டி.ஏ. ஆய்வில் 7 முதல் 9 வயதுவரை 579 குழந்தைகள் இருந்தார்கள். அதில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்துப் பெற்ற குழுவில், வீட்டில் கடுமையும் பயனற்ற தண்டனையும் நன்றாகக் குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் வகுப்பைக் குலைக்கும் அளவு ஏறக்குறைய மற்றக் குழந்தைகளின் நிலைக்கு வந்தது. மதிப்பெண் போட்டவர்கள் ஆசிரியர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அல்லர். தறிகெட்டுப் போவதற்கு இது எதிர்த் திசை.

சூழலை மாற்றுவது இதைவிட எளிது, ஆனால் யாரும் கேட்பதில்லை. உடனே வேலை செய்யும் வகை மெத்தில்ஃபெனிடேட் சுமார் நான்கு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் மதியத்தோடு சரி. சில குழந்தைகளுக்கு மருந்து இறங்கும் நேரத்தில் எரிச்சல் வழக்கத்தைவிட அதிகமாகும். ஆசிரியை பார்ப்பது மருந்து உள்ள குழந்தையை. தாய் பார்ப்பது ஆறு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து களைத்து, மருந்தும் இறங்கிப்போய், டியூஷனும் முடிந்து, இரவு ஏழு மணிக்கு வீட்டுப்பாடத்தோடு வரும் குழந்தையை. 'ஸ்கூல்ல நல்லாதான் இருக்கான், வீட்லதான் ஏதோ பிரச்சினை' என்று டைரியில் எழுதி வரும் குறிப்பு பல சமயம் இந்த மருந்தியல் கணக்கைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாறலாமா, இரண்டாவது வேளை வேண்டுமா, வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலிருந்து வந்து சிற்றுண்டி முடிந்ததும் இருபது நிமிடத் துண்டுகளாக வைக்கலாமா என்பவை மருத்துவரோடும் பள்ளியோடும் பேசித் தீர்மானிக்க வேண்டியவை. இரண்டாவது வேளை தூக்கத்தையும் பசியையும் கெடுக்கக்கூடும் என்பதால் தாய் தானாக முடிவெடுக்கக் கூடாதவையும்கூட. ஆனால் இவற்றை 'தாயின் கோபம்' என்ற தலைப்பின் கீழ் யாரும் விவாதிப்பதில்லை.

அந்த 74 சதவீதத்துக்கு இப்போது வரலாம். குறைபாடு இவ்வளவு மரபு சார்ந்தது என்றால், இந்தக் குழந்தைகளின் தாய்மார்களில் கணிசமானோருக்கு அதே குறைபாடு, கண்டறியப்படாமல், இருக்கும். வரிசையாக வேலை செய்வது, சொன்ன சொல்லை மறக்காமல் பின்தொடர்வது, எரிச்சல் வந்த கணத்தில் நிதானிப்பது என்று பயிற்சி கேட்கும் அனைத்துமே அவளுக்கும் கடினமானவை. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பகுதியில் சொனுகா-பார்க் குழு மூன்று வயதுக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தந்தது. 2001-இல் வெளியான முதல் முடிவுகள் தெம்பூட்டின: 78 குழந்தைகள், மூன்று குழுக்கள், பயிற்சி பெற்ற குழுவில் குழந்தையின் அறிகுறிகளும் குறைந்தன, தாயின் மனநலமும் உயர்ந்தது. தாயின் பேச்சை ஆதரவாகக் கேட்டு ஆறுதல் சொன்ன குழுவுக்கு அந்தப் பலன் இல்லை. ஆறுதல் மட்டும் போதாது, கையில் ஒரு திறன் வேண்டும் என்பதை இதைவிட நேராகச் சொன்ன ஆய்வு குறைவு. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றையும் சொன்னது: தாய்க்கே ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் மிகுதியாக இருந்த வீடுகளில் குழந்தைகள் பயிற்சியால் முன்னேறவில்லை.

அப்படியானால் முதலில் தாய்க்கு வைத்தியம் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இருக்கும் இடம், தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஜெர்மனியில் 2015-இல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 144 தாய்மார்கள் தங்கள் குழந்தைகளோடு சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு மருந்தும் குழு உளச்சிகிச்சையும், மறு பாதிக்கு ஆதரவு ஆலோசனை மட்டும். அதன்பின் இருவருக்கும் பெற்றோர்ப் பயிற்சி. சிகிச்சை பெற்ற தாய்மார்கள் தேறினார்கள். குழந்தைகளின் முன்னேற்றத்தில் இரு பாதிக்கும் வேறுபாடு தென்படவில்லை. தாயைச் சரிசெய்தால் பிள்ளை சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இது வேறு ஒன்றைத் தெளிவாக்குகிறது: தாயின் மனநிலையைப் பிள்ளைக்கான மருந்தாக மட்டும் எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அவள் தேறினாள் என்பதே ஒரு மருத்துவ முடிவு. பிள்ளைக்குப் பயன் இருந்தால்தான் அவளுக்குச் சிகிச்சை என்று ஒரு மருத்துவமனை நினைத்தால், அது பெட்டல்ஹைமின் பழைய கூண்டுக்குப் புதிய வண்ணம் பூசுவதுதான். சான்று எல்லாப் பக்கமும் எதிர்மறையாகவும் இல்லை. மேரிலாந்தின் ஆண்ட்ரியா க்ரோனிஸ்-டஸ்கானோ, மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்த 98 தாய்மார்களிடம், வழக்கமான பெற்றோர்ப் பயிற்சியையும், மனச்சோர்வுக்கான அறிவுசார் நடத்தைப் பயிற்சியை அதோடு பின்னிய இன்னொன்றையும் ஒப்பிட்டார். 2013-இல் வந்த முடிவில், பின்னப்பட்ட பயிற்சிக்குச் சிறிய மேலதிகப் பலன் தெரிந்தது. தாயின் சோர்வில், குழந்தையின் அன்றாடச் சிக்கல்களில், குடும்பத்தின் நடப்பில். சிறியதுதான். ஆனால் எரிச்சலின் அடியில் மனச்சோர்வு கிடக்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு அது போதுமான சான்று. காலையில் எழவே மனமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால் அது கோபத்தைப் பற்றிய பேச்சே அல்ல. தமிழிலும் பேசும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

பயிற்சிகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் ஏமாற்று வேண்டாம். டேவிட் டேலியும் கூட்டாளிகளும் 2014-இல் தொகுத்த ஆய்வுகளில், யாருக்குச் சிகிச்சை என்று தெரியாத மதிப்பீட்டாளர்களின் கணக்கை மட்டும் எடுத்தால், நடத்தைப் பயிற்சிகளால் ஏ.டி.எச்.டி.யின் மைய அறிகுறிகள் குறைந்ததற்கு உறுதியான சான்று இல்லை. பெற்றோரின் கடுமை குறைந்தது, இணக்கம் கூடியது, குழந்தையின் முரட்டுத்தனம் குறைந்தது. இவை அந்தக் கண்டிப்பான கணக்கிலும் நின்றன. பையன் பேனாவைத் தொலைப்பான். தொலைத்ததற்காக வீடு ரணகளமாவது குறையும்.

கடைசியாக, இந்த அத்தியாயம் முழுக்க 'தாய்', 'தாய்' என்றே வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆய்வுகளின் பழக்கம் அது: பயிற்சிக்கு வருபவள் தாய், வினாத்தாளை நிரப்புபவள் தாய். சூழலை மாற்றும் வழிகளிலேயே பெரியது, அந்த இரவு ஏழு மணி வீட்டுப்பாடத்தை வாரத்தில் சில நாட்கள் வேறொருவர் எடுத்துக்கொள்வது. 'அப்பாக்களை வரவழைக்க முடியாது' என்பது இதற்கு வழக்கமான பதில். அமெரிக்காவில் கிரிகரி ஃபேபியானோ அப்பாக்கள் ஏன் வருவதில்லை என்று புலம்புவதற்குப் பதில் பயிற்சியின் வடிவத்தை மாற்றினார். முதல் பகுதியில் அப்பாக்கள் தனியே உட்கார்ந்து உத்திகளைக் கற்பார்கள், பிள்ளைகள் கால்பந்துப் பயிற்சியில் இருப்பார்கள்; அடுத்து ஆட்டம் தொடங்கும், அப்பாக்கள் மைதானத்தில் இறங்கி, கற்ற உத்திகளை, பாராட்டையும் சுருக்கமான கட்டளையையும், அங்கேயே பிள்ளைகளிடம் பழகுவார்கள். 2009-இல் வெளியான ஒப்பீட்டில், குழந்தைகளின் முன்னேற்றத்தில் இதற்கும் வழக்கமான வகுப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் மைதானத்துக்கு வந்த அப்பாக்கள் அதிக நாள் வந்தார்கள், வீட்டில் செய்யச் சொன்னதை அதிகம் செய்தார்கள். நம் ஊரில் கால்பந்துக்குப் பதில் கிரிக்கெட் என்று வைத்தாலும் வேலை நடக்கும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு மாற்றம் இருக்கிறது: பள்ளி டைரியின் முதல் பக்கத்தில், புகார் சொல்ல அழைக்க வேண்டிய எண்ணாக அப்பாவின் எண்ணையும் எழுதிக் கொடுப்பது.